கன்றுக்குத் தலைக்கயிறு பழக்குதல்

கறவை மாடு வளர்க்கும் கமக்காரர்கள் தீனைப் பற்றியும், கொட்டிலைப் பற்றியும், நோய்களைப் பற்றியும் எம்மிடம் பல வினாக்களைக் கேட்பதுண்டு. கன்றைக் கயிற்றுக்குப் பழக்குவது எவ்வாறு என்று கேட்டவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலரே. நாட்டு மாடுகளைப் பட்டியில் அடைத்துப் பகலில் மேயவிட்டு வந்த காலத்தில் இவ்வினாவுக்கு அவ்வளவு இடமிருக்கவில்லை. மாட்டைப் பிடிக்கவேண்டிய தேவை ஆண்டுக்கு இரண்டொரு முறையே நேர்ந்தது. நேர்ந்தபோது நாலுபேர் கூடிக் கயிறெறிந்து வீழ்த்தினர். இன்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோவாக யேர்சி, பிறீசியன், சாகிவால் கலப்பினப் பசுக்களைக் கொட்டிலிற் கட்டி வளர்ப்போர் பலர். அவற்றைத் தினமும் கறத்தல் வேண்டும். தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு நிறுத்திப் பிடித்தல் வேண்டும். குளம்பைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மாடு மனிதன் கைக்கு அடங்கி நிற்றல் இன்றியமையாதது. அவ்வடக்கம் கன்றுப் பருவத்திலேயே வரவேண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிப் பகுதியிலுள்ள குடியேற்றக் கிராமமொன்றில் கணவனை இழந்த பெண்ணொருவர் கலப்பின நாகு ஒன்றை வளர்த்து வந்தார். கன்றாக வாங்கியது முதல் அதற்கு ஒரு குறையும் வைத்தாரல்லர். தீனும் தண்ணீரும் வேளை தவறியதில்லை; பூவரசங் குழையும் கிளுவைக் குழையும் தாமே ஒடித்துச் சுமந்து வந்து போட்டார். ஆனால் கயிறு மட்டும் போட்டதில்லை. வேலியடைத்த வளவுக்குள் அது தன்பாட்டில் திரிந்தது. மூன்றாம் ஆண்டில் அது கன்று ஈன்றபோதுதான் இடர் தொடங்கியது. மடியிற் கை வைக்க ஒருவரையும் அது விடவில்லை. இரண்டு ஆட்கள் பிடிக்க, பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டி, மூன்றாமவர் கறக்க முயன்றார். கறந்தது அரைப் போத்தல். அதையும் உதைத்துக் கொட்டிவிட்டது. பத்தாம் நாள் மடியின் ஒரு காம்பு கல்லாகத் தடித்து வீங்கியது. என்னை அழைத்தபோது காலம் கடந்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து மடியழற்சிக்கு மருந்திட்டார். அதற்கும் மாட்டை வீழ்த்தியே பிடிக்கவேண்டியிருந்தது. ஈற்றில் தரகரொருவர் கேட்ட விலைக்கு, அதாவது பாதி விலைக்கும் குறைவாக, மாட்டை விற்றுவிட்டார். அவர் அதை எங்கே கொண்டு சென்றார் என்று நான் கேட்கவில்லை, அப்பெண்ணும் கேட்கவில்லை.

“பிள்ளையைப்போல வளர்த்தனான் தம்பி. கழுத்திலை கயிறு போடப் பாவமாயிருந்தது” என்று மட்டும் சொன்னார்.

அவருடைய இரக்கத்தை நான் குறைகூற மாட்டேன். எனினும் 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஒரு சிறுமியே கயிறு பழக்கலாம். 250 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாலு ஆடவர் சேர்ந்தும் பழக்குதல் அரிது. அக்கன்றுக்கு முதல் இரண்டு மாதங்களில் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் செலவிட்டிருந்தால் அம்மாடு இன்றும் அவ்வளவில் நின்றிருக்கக் கூடும்.

மாடு காண்பதும் கேட்பதும்

கயிற்றைக் கையில் எடுக்குமுன் மாட்டின் இயல்பை அறிந்துகொள்ளல் நன்று. மாடு இரையாகும் விலங்கு. புலிக்கும் ஓநாய்க்கும் அஞ்சி ஓடிய மூதாதையரின் வழிவந்தது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. ஆதலின் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள பெரும்பகுதியை அதனாற் காணமுடியும். நேர் பின்னாலுள்ள ஒரு சிறு பகுதி மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்பகுதியில் திடீரென ஒருவர் தோன்றுவாராயின், யாரெனப் பாராமலே அது உதைக்கும். இதனை மாட்டின் கெட்ட குணம் என்று சொல்வது தவறு.

கண்கள் பக்கங்களில் இருப்பதனால் ஆழத்தையும் தூரத்தையும் மதிப்பிடுவதில் அதற்குத் தடுமாற்றமுண்டு. கொட்டில் வாயிலில் விழும் நிழல், தரையிற் கிடக்கும் நீண்ட கயிறு, மழைநீர் தேங்கிய சிறு குழி ஆகியவை அதற்குப் பள்ளம்போலத் தோன்றலாம். நடந்துவரும் கன்று இவ்விடங்களிற் சட்டென நிற்கும். அப்போது அடிக்காமல், தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க விடுங்கள். பார்த்தபின் பெரும்பாலும் தானே கடந்துவிடும். மாடு சிவப்பு நிறத்தைக் கண்டால் வெறி கொள்ளும் என்பது எங்கும் நிலவும் நம்பிக்கை. மாட்டின் கண் எம்மைப்போலச் சிவப்பைப் பிரித்தறியும் ஆற்றலுடையதன்று. அதை அச்சுறுத்துவது சேலையின் நிறமன்று, காற்றில் சேலை படபடத்து ஆடுவதே.

செவிப்புலனும் அவ்வாறே. எமக்குக் கேளாத மிக உயர்ந்த சுருதிகளும் மாட்டுக்குக் கேட்கும். கீச்சிட்டுக் கத்துதல், தகரத்தைத் தட்டுதல், சீழ்க்கையடித்தல் ஆகியவை கன்றைப் பழக்கும் இடத்தில் ஆகா. பட்டிப் பொங்கல் நாளன்று கன்றுகளை முதன்முறையாகக் கயிற்றிற் கட்டி, கொம்பிலும் உடலிலும் வர்ணம் பூசி, பக்கத்திலே வெடி கொளுத்தும் வீடுகளை நான் கண்டிருக்கின்றேன். மாட்டுக்கு நன்றி செலுத்தும் நாளிலேயே கயிற்றென்றால் அச்சம் என்பதைக் கன்றுக்குக் கற்பித்துவிடுகின்றோம். அந்நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே கன்றைப் பழக்கி வைத்தால் மாலையும் நிற்கும், மாடும் நிற்கும்.

இன்னுமொன்று அறியவேண்டும். ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகும், வெளியேறினால் நிற்கும். அமெரிக்கக் கால்நடை அறிஞரான தெம்பிள் கிராண்டின் அம்மையார் இதனை உலகெங்கும் பரவலாக அறியச் செய்தவர்களுள் ஒருவர். பழகாத மாட்டுக்கு இவ்வெல்லை பல பாகத் தூரமாக இருக்கும். நன்கு பழகிய மாட்டுக்கு எல்லையே இல்லை. தோள் அளவில் நின்றுகொண்டு அதற்குப் பின்னே ஓரடி வைத்தால் மாடு முன்னே செல்லும். தோளுக்கு முன்னே ஓரடி வைத்தால் அது பின்வாங்கும். கயிறு பழக்குதல் என்பது உண்மையில் இவ்வெல்லையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருதலேயாகும்.

கயிறும் அதனை முறுக்கும் வகையும்

கழுத்திற் சுருக்குக் கண்ணி இட்டுக் கன்றைக் கட்டுதல் எமது பகுதிகளில் வழக்கமாயுள்ளது. இவ்வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், நாலு மாதக் கன்றொன்றைச் சுருக்குக் கண்ணியில் வேப்பமரத்தடியிற் கட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றேன். திரும்பி வந்தபோது கன்று மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, முழந்தாளில் விழுந்து, நாக்கு நீலநிறமாக வெளியே தொங்கக் கிடந்தது. முடிச்சு இறுகி இருந்தமையால் அவிழ்க்க இயலவில்லை. புல்லறுக்கும் தொழிலாளி ஒருவர் ஓடிவந்து அரிவாளாற் கயிற்றை அறுத்தார். கன்று பிழைத்தது. ஆனால் அதன்பின் என்னைக் கண்டபோதெல்லாம் கொட்டிலின் மறுமூலைக்கு ஓடியது. நான் பயிற்சி முடித்து வெளியேறும் வரையில் என் கையாற் புல் தின்னவில்லை.

தலைக்கயிறு கழுத்தை இறுக்காது, தலையையே பிடிக்கும். தலை திரும்பும் பக்கமே உடலும் திரும்பும் என்பதனால் சிறு பலங்கொண்டே கன்றை நடத்தலாம்.

இதற்கு விரலளவு பருமனுள்ள முப்புரிக் கயிறு 12 அடி போதும். பருத்திக் கயிறு மிக நல்லது. தும்புக்கயிறு எங்கும் கிடைப்பது, விலையும் குறைந்தது, ஆனால் சொரசொரப்பானது. அதைப் பயன்படுத்துவோர் மூக்கின்மேற் படும் பகுதிக்குப் பழந்துணியைச் சுற்றித் தைத்துக்கொள்ளவேண்டும். நைலோன் கயிறு உறுதியானது; எனினும் கன்று இழுத்தோடும்போது கைத்தோலை உரித்துவிடும்.

கயிற்றின் ஒரு நுனியிற் பெருவிரல் நுழையுமளவு சிறு வளையம் ஒன்றை, இறுகாத முடிச்சாக முடியுங்கள். இதை முதல் வளையம் என்போம். அதிலிருந்து ஏறக்குறைய 7 அங்குலம் தள்ளி, கயிற்றின் புரிகளை விரித்து, கயிறு நுழையக்கூடிய ஒரு கண்ணைச் செய்யுங்கள். இது இரண்டாம் கண். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே கன்றின் மூக்கின்மேற் குறுக்காகக் கிடக்கும் மூக்குப்பட்டை. இரண்டாம் கண் கன்றின் இடக் கன்னத்திலும் முதல் வளையம் வலக் கன்னத்திலும் வருதல் வேண்டும். இனி, இரண்டாம் கண்ணிலிருந்து நீளும் கயிற்றை இடக் கன்னத்தின் வழியே மேலேற்றி, காதுகளின் பின்னாற் கொண்டுசென்று, வலப் பக்கமாக இறக்கி, முதல் வளையத்தினூடே நுழைத்து, தாடையின் கீழாக இடப்பக்கம் கொண்டுவந்து, இரண்டாம் கண்ணினூடே இழுத்துவிடுங்கள். எஞ்சிய நீளம் நடத்தும் கயிறாக இடப்பக்கத்திற் தொங்கும். இழுத்தால் தாடையின் கீழுள்ள பகுதி இறுகும், விட்டால் தளரும். இறுகுவதும் தளர்வதுமாகிய இவ்விரண்டும்தான் கன்றோடு நாம் பேசும் பாஷை. தளராத கயிற்றினாற் கன்று எதையும் கற்பதில்லை. ஆகவே முறுக்கி முடிந்ததும், கயிற்றை இழுத்துவிட்டு அது தானாகத் தளர்கின்றதா என்று முதலில் உங்கள் முழங்கையிற் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்குப்பட்டை கிடக்கவேண்டிய இடத்தை வற்புறுத்திச் சொல்லவேண்டியுள்ளது. கண்ணுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள், எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து மூக்குத் துவாரத்தை நோக்கி வந்தால் எலும்பு முடிந்து மிருதுவான பகுதி தொடங்கும். பட்டை எலும்பின்மேலேயே இருக்கவேண்டும். மிருதுவான பகுதிக்கு நழுவினால் மூச்சு தடைப்படும்; மூச்சு தடைப்பட்ட கன்று பாடம் கற்காது, உயிருக்குப் போராடும். தென் அமெரிக்காவிலே பெரு, பொலிவியா நாடுகளின் அந்தீசு மலைகளில் கம்பளிக்காக வளர்க்கப்படும் அல்பாக்கா என்னும் விலங்கைப் பற்றி வாசித்தபோது இதை மேலும் தெளிவாக விளங்கிக்கொண்டேன். அது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பிராணி. அதன் மூக்கெலும்பு மிகக் குறுகியது. அது பெரிதும் மூக்கினாலேயே சுவாசிப்பது. பட்டை ஓரங்குலம் நழுவினாலும் திணறி, துள்ளி விழும். ஆதலால் அதனைப் பழக்குவோர், பட்டையைக் கண்ணுக்கு அருகே எலும்பின்மேல் பொருத்துவதையே முதற் பாடமாகக் கற்பிக்கின்றனர். எமது கன்றின் முகம் அதைவிட நீளமானது. பிழைக்கு இடம் சற்றுக் கூடுதலாக உண்டு. ஆயினும் விதி ஒன்றே.

தொடங்கும் காலம்

கன்று பிறந்த முதல் வாரத்திலேயே கை பழக்கத்தைத் தொடங்கலாம். கயிறு வேண்டாம், கை போதும். தாய்ப்பசு கன்றை நக்கும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். கழுத்தின் கீழ்ப்பகுதி, முன்னங்கால்களுக்கு இடையிலுள்ள நெஞ்சு, திமிலின் அடி ஆகியவை கன்றுக்கு இன்பந்தரும் இடங்கள். அவ்விடங்களில் விரல் நுனிகளாற் சொறிந்துவிடுங்கள். கன்று கழுத்தை நீட்டிக் கண்ணைச் செருகுமாயின் நீங்கள் சரியான இடத்தைக் கண்டுவிட்டீர்கள். தலைப்பக்கம் பின்னர் வரலாம்.

நெற்றியை மட்டும் தேய்க்காதீர்கள். பிள்ளைகள் கன்றின் நெற்றியிற் கை வைத்துத் தள்ளி விளையாடுவதைப் பெற்றோர் சிரித்துக்கொண்டு பார்த்து நிற்பர். நெற்றியால் முட்டுதல் மாடுகளுக்குள் வலிமை பார்க்கும் முறை. இரண்டு மாதத்தில் வேடிக்கையாயிருந்தது, கொம்பு வந்த இரண்டு வயதில் வேடிக்கையாயிராது.

மூன்றாம் நான்காம் வாரத்தில் தலைக்கயிற்றை முதன்முறை போடலாம். பால் குடித்துச் சற்று வயிறு நிறைந்திருக்கும் வேளை நல்லது. முற்றாகப் பசித்த கன்று தாயை நாடித் துடிக்கும். கொட்டிலின் ஒரு மூலையில், வைக்கோல் பரப்பிய தரையில், ஒருவர் மட்டும் இருந்து செய்யவேண்டும். கயிற்றை முதலில் முகரக் கொடுங்கள். பின்னர் கழுத்திலும் முதுகிலும் தேய்த்து, அது பாம்பன்று எனத் தெரிந்துகொள்ளச் செய்யுங்கள். மூக்குப்பட்டையை முதலில் ஏற்றி, பிறகு காதுகளின் பின்னாற் கயிற்றை மாட்டுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டு, சொறிந்துகொடுத்து, கழற்றிவிடுங்கள். அன்றைய பாடம் அவ்வளவே. மூன்று நாலு நாட்களில் கயிற்றைக் கண்டால் தலையைக் கொடுக்கும் கன்றுகளும் உண்டு. ஒரு வாரம் கழிந்தும் தலையை உதறுவன உண்டு. சிந்தி, சாகிவால் போன்ற திமிலுள்ள இனங்களின் இரத்தம் மிகுந்த கன்றுகள் பொதுவாகக் கூரிய உணர்ச்சியுடையவை. விரைவில் அஞ்சும், அன்பாக நடத்தினால் அத்துணை விரைவில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

கொம்புக் குருத்தைச் சுடுதல், காதிற் குறியிடுதல், தடுப்பூசி என்பன அதே மாதங்களில் வருகின்றன. இவை செய்யப்பட்ட நாளிலும் அடுத்த இரண்டொரு நாட்களிலும் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். நோவையும் கயிற்றையும் கன்று சேர்த்தே நினைவில் வைக்கும். இயலுமாயின் மருந்துக்குப் பிடிப்பவர் வேறொருவராகவும், பழக்குபவர் வேறொருவராகவும் இருப்பது நன்று. இயலாத வீட்டில், ஊசி போட்டவுடன் கயிற்றைக் கழற்றி விரட்டிவிடாமல், சில நிமிடம் பிடித்து நின்று சொறிந்துகொடுத்து, கன்று அமைதியடைந்தபின் விடுங்கள்.

கட்டுதல்

தலைக்கயிற்றோடு நிற்கப் பழகிய கன்றைக் கட்டலாம். உறுதியான தூண் அல்லது மரம் வேண்டும். கன்றின் இழுப்புக்கு ஆடும் வேலிக்கதியால் ஆகாது. ஒருமுறை கதியாலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய கன்று, இழுத்தால் விடுதலை கிடைக்கும் என்பதை என்றும் மறவாது. கட்டும் உயரம் கன்றின் முதுகு அளவினும் தாழாதிருக்கவேண்டும். கயிற்றின் நீளம் இரண்டு அடியே போதும். தாழ்வாகவும் நீளமாகவும் கட்டினாற் காலைக் கயிற்றுக்கு மேல் வைத்துச் சிக்கிக்கொள்ளும். நுனியை இழுத்தவுடன் அவிழக்கூடிய முடிச்சையே இடுங்கள். அருகில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

கன்று முதலில் இழுக்கும், பின்னே சாயும், சில வேளைகளில் விழுந்து படுத்துவிடும். ஓடிச்சென்று தூக்காதீர்கள். மூச்சுக்கு இடையூறில்லையெனக் கண்டால் பேசாமல் நில்லுங்கள். இழுப்பதை விட்டு ஓரடி முன்னே வந்தவுடன் கயிறு தானே தளரும். அக்கணத்தில், யாரும் சொல்லிக்கொடாமலே, கன்று பாடத்தைக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் கால்மணி, பின்னர் அரைமணி. பழகும் காலம் முழுவதும் கட்டிய கன்றைத் தனியே விட்டு எங்கும் செல்லலாகாது. நான் தேநீர் அருந்தச் சென்ற கதையை மேலே சொல்லிவிட்டேன்.

நடத்துதல்

நடத்தும்போது கன்றின் இடப்பக்கத்தில், அதன் தோளுக்கும் தலைக்கும் இடையே நில்லுங்கள். வலக்கை தாடையிலிருந்து ஓரடி தள்ளிக் கயிற்றைப் பிடிக்கட்டும். எஞ்சிய கயிற்றை மடித்து இடக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். மடித்து என்றேன்; சுற்றி என்று சொல்லவில்லை. கயிற்றைக் கைமணிக்கட்டிற் சுற்றிக்கொண்டு மாட்டை நடத்துதல், முக்கியமாகப் பிள்ளைகளிடத்தில், எங்கும் காணப்படும் பழக்கம். மாடு வெருண்டு பாயும்போது சுற்றிய கயிறு இறுகும். கையை விடுவிக்க இயலாது. பள்ளிக்குச் செல்லுமுன் மாட்டை மாற்றிக்கட்டப் போன சிறுவன் ஒருவன், பின்னால் வந்த மோட்டார் வாகனத்தின் ஒலிக்கு வெருண்ட பசுவினால் வீதியில் இழுபட்டுத் தோளெலும்பு விலகி மருத்துவமனையிற் கிடந்ததை நான் பார்க்கச் சென்றிருக்கின்றேன். மாடு போனால் தேடிப் பிடிக்கலாம். இந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனி, இழுத்தால் கன்று வராது. இழுப்புக்கு எதிராக இழுப்பது அதன் இயல்பு. அது நாலு காலால் ஊன்றுவது. நாம் இரண்டு காலால் ஊன்றுபவர்கள். கயிற்றை முன்னோக்கிச் சிறிதளவு இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். மேலும் இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். கன்று ஒரு காலை முன்னே வைக்கும். அல்லது உடலை முன்னே சாய்க்கும். அந்நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். பெரும்பாலோர் தவறுமிடம் இதுவே. கன்று ஓரடி வைத்ததும் மகிழ்ந்து, இன்னும் இழுத்து, இரண்டடியாக்க முயல்வர். வைத்த அடிக்கு வெகுமதி கிடையாத கன்று அடுத்த அடியை வைக்காது. முதல் நாளில் ஐந்தாறு அடி நடந்தாற் போதும்.

அறவே நகராத கன்றுக்கு இரண்டு உபாயங்கள் உண்டு. முதலாவது, வேறொருவர் தாய்ப்பசுவை முன்னே நடத்திச் செல்ல, கன்றைப் பின்னே கொண்டு செல்லுதல். எமது முன்னோர் வண்டியெருதைப் பழக்கும்போது புதிய நாம்பனைப் பழகிய எருதுடன் பிணைத்தமையும் இக்கருத்துப் பற்றியே. இரண்டாவது, வேறொரு கயிற்றைக் கன்றின் பின்தொடைகளைச் சுற்றி வளையமாக இட்டு, தலைக்கயிற்றை இறுக்கும்போது அதனையும் மெல்ல இழுத்தல். பின்னாலிருந்து வரும் சிறு அழுத்தத்துக்குக் கன்று முன்னே செல்லும். வாலை முறுக்குதலும் தடியாற் குத்துதலும் விரைவிற் பயன் தருவனபோலத் தோன்றும். ஆனால் அவ்வாறு நடத்தப்பட்ட மாடு, தன் பின்னால் வருபவர் யாராயினும் உதைக்கக் கற்றுக்கொள்ளும். பின்னர் சினைப்படுத்த வரும் உத்தியோகத்தர்தான் அதன் பலனை அனுபவிப்பார்.

நாளுக்குக் கால்மணி நேரம், விடாமல் இரண்டு வாரம் செய்தால் பெரும்பாலான கன்றுகள் பக்கத்தில் நடக்கும். ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்து பத்து நாள் விட்டுவிடுவதில் யாதொரு பயனுமில்லை. பாடத்தைக் கன்று சரியாகச் செய்த இடத்தில் முடியுங்கள். போராடும் வேளையிற் கயிற்றைக் கழற்றாதீர்கள்.

நாம்பன் கன்றுக்கு வேறு முறை

மேலே சொன்ன அன்பும் சொறிதலும் நாம்பன் கன்றுகளிடத்து ஓரளவோடு நிற்கவேண்டும். 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், கையாற் பாலூட்டித் தனித்தனியே அடைத்து வளர்க்கப்பட்ட ஹெரபோட் இனக் காளைகள், கூட்டமாக வளர்க்கப்பட்டவற்றைக் காட்டிலும் மனிதரை எதிர்க்கும் குணம் மிகுந்திருந்தமை காணப்பட்டது. தன்னினத்தோடு பழகாது வளர்ந்த காளை, மனிதனையே தன்னோடு போட்டியிடும் இன்னொரு காளையாக எண்ணுகின்றது. அல்பாக்காவின் ஆண்குட்டிகளைப் புட்டிப்பாலில் செல்லமாக வளர்த்தவர்களும் இதே இடரைச் சந்திக்கின்றனர். ஆகவே தாயிழந்த நாம்பன் கன்றைப் போத்தற் பாலில் வளர்ப்போர், அதனை வேறு கன்றுகளோடு சேர்த்து விடவேண்டும். கயிறு பழக்குங்கள், நடத்துங்கள், விளையாடாதீர்கள். ஒரு வயதுக்குமேல், எவ்வளவு சாதுவாயினும், காளைக்குப் புறங்காட்டி நில்லாதீர்கள்.

நாணயம் குத்துதல் நாம்பனுக்கு வேண்டியதாகலாம். நாகுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. தலைக்கயிற்றில் நடக்கப் பழகாத மாட்டுக்கு நாணயக் கயிறு இடுவது, எழுத்தறியாத பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவது போன்றது. குத்தவேண்டின், பழுக்கக் காய்ச்சிய ஊசியும் சாம்பலும் கொண்டு வீட்டிற் செய்யாமல் மிருக வைத்தியரைக் கொண்டு செய்வியுங்கள். நாணயக் கயிற்றில் மாட்டைத் தூணிற் கட்டிவைத்தல் ஒருபோதும் கூடாது. வெருண்டு இழுத்தால் மூக்குக் கிழிந்துவிடும்.

நாகு சினைப்பட்டபின்

கன்றில் கற்றதை நாகு மறப்பதில்லை. ஆயினும் மடியைத் தொடுதல் வேறொரு பாடம். மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஏழாம் மாதம் தொடங்கி, நாள்தோறும் கறக்கும் இடத்துக்கு அதனை நடத்திச் சென்று கட்டி, சிறிது தவிடும் புண்ணாக்கும் வைத்து, முதுகு, வயிறு, தொடை என்ற ஒழுங்கிற் கையை ஓட்டி, ஈற்றில் மடியை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். கால் தூக்கினால் கையைப் பறித்தெடுக்காமல், கால் தாழும்வரை அவ்விடத்திலேயே வைத்திருந்து பின்னர் எடுங்கள். காம்பைப் பிழிந்து பார்க்கலாகாது. காம்பின் நுனியை இயற்கையே அடைத்து வைத்திருக்கின்றது. அவ்வடைப்பை உடைத்தால் நோய்க்கிருமிகள் உட்செல்லும்.

அஞ்சிய மாடு பாலை இறக்காது என்பது வெறும் வாய்மொழியன்று. பால் இறங்குவதற்கு ஒட்சிதோசின் என்னும் ஓமோன் குருதியிற் சுரத்தல் வேண்டும். அச்சத்திற் சுரக்கும் அதிரினலீன் அதன் வேலையைத் தடுத்துவிடும். மடி நிறையப் பால் இருந்தும் கறப்பவர் கையில் வராதது இதனாலேயே. வராத பால் மடியில் தேங்க, அழற்சி எளிதில் தொடங்கும். நான் முதலிற் குறிப்பிட்ட மாட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

முடிக்குமுன் ஒரு சிறு காரியம். கன்று வளரும், கயிறு வளராது. மேய்ச்சலுக்கு விடும்போதும் இரவிலும் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுதல் நன்று. சிலர் கழற்றாமலே மாதக்கணக்கில் விட்டுவிடுவதனால், கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்து, புழு வைத்துப் புண்ணான முகங்களை நான் கண்டிருக்கின்றேன். கழற்றாமல் வைத்திருப்போர், வாரத்துக்கொரு முறை கயிற்றுக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழைகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

தலைக்கயிறு முறுக்குவதை எழுத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளல் சிலருக்குக் கடினமாயிருக்கலாம். நேரிற் காண விரும்புவோர் தத்தம் பகுதிப் போதனாசிரியரை அலுவலக நாட்களில் வந்து காணலாம். வரும்போது 12 அடிக் கயிற்றைக் கொண்டுவருக. கன்றைக் கொண்டுவர வேண்டியதில்லை.